அறவாழி சாரின் கீபோர்டு

எதற்கெல்லாமோ சங்கம் இருக்கிறது, நாகர்கோவிலில் கீபோர்டுக்கும் ஒன்று இருந்தது. அதன் தலைவர் அறவாழிக்கு, விசைகளில் தமிழ் எழுத்துகளை அடுக்கும் தமிழ்99 முறைதான் உயிர். எழுத்துகள் வேறு இடங்களில் இருக்கும் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் தன் கீபோர்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டிடிபி கடைக்கு வந்தார். அங்கே வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கோ டைப்ரைட்டர் முறை மட்டும்தான் தெரியும். கையால் எழுதிய ஒரு தாளை அறவாழி அவளிடம் நீட்டினார்.

"சங்கத் தீர்மானம்மா. டைப்ரைட்டர் முறைக்காரங்களுக்கு யாரும் வேலை தரக்கூடாதுன்னு கடைசியில இருக்கு, பாத்துக்க. பத்து நிமிஷத்துல என் கீபோர்டுல அடிச்சுத் தரணும். முடியலன்னா உன்னை வச்சிருக்கிற கடைக்கு இனி வரமாட்டோம்."

"உங்க கீபோர்டுல அடிச்சாப் போதுமா சார்?"

"போதும்."

ஸ்டெல்லா கீபோர்டை மாட்டினாள். கம்ப்யூட்டருக்குள் இருந்த டைப்ரைட்டர் முறையை மாற்றவில்லை. விசைகளில் இருந்த எழுத்துகளைப் பார்க்காமலே அடித்தாள். அறவாழி கச்சேரி கேட்பதுபோல் கண்ணை மூடி, தன் கீபோர்டின் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தார். எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"ஒரு பிழை இல்ல. பழைய முறையில இந்த வேகம் வருமா?" என்றார்.

"கீழே உங்க பேரை நீங்களே அடிச்சிருங்க சார்."

பெருமையாக 'அ' விசையைத் தட்டினார். திரையில் 'ய' விழுந்தது. மறுபடி தட்டினார். இன்னொரு 'ய'.

"கீபோர்டு உங்களோடது சார். உள்ள ஓடுறது என் முறை."

அறவாழி சிரித்துவிட்டார். "அந்தக் கடைசித் தீர்மானத்தை அழிச்சிரும்மா."

"நீங்களே அழிங்க சார். அழிக்கிற கீ எல்லா முறையிலயும் ஒரே இடத்துலதான் இருக்கு."