நடுவாக எடுத்த வண்டி

உன்னைத்தான் சொல்கிறேன். பத்து வருஷம் கழித்து ரோட்டில் எந்த வண்டி ஓடும் என்று மோட்டார் நிபுணர்களைக் கேட்டாய். பாதிப் பேர் பேட்டரி என்றார்கள், பாதிப் பேர் பெட்ரோல் என்றார்கள். இரண்டையும் ஒரே குண்டானில் போட்டுக் கிளறி, ‘பாதி பேட்டரி, பாதி பெட்ரோல் என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்’ என்று உன் பத்திரிகையில் பெரிய எழுத்தில் அச்சடித்தாயே, நீதான். நம்பி முதல் போட்டவன் தெருவில் நிற்கிறான். முதலில் இந்தக் கதையைக் கேள். உன் சங்கதியைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

மருதங்கோட்டை ராஜா பெத்தபெருமாளுக்கு ஒருநாள் காலையில் திடீரென்று வருங்காலத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

“பத்து வருஷம் கழித்து என் நாட்டில் எந்த வண்டி ஓடும்? அதற்கு இப்போதே மரம் வெட்டிக் காயப்போட வேண்டும். விசாரித்துச் சொல்லும்” என்று மந்திரி கனகராயரிடம் சொன்னார்.

கனகராயர் சுங்கச்சாவடியில் வேலை பார்த்து மேலே வந்தவர். வியாபாரி பத்துப் பணம் என்பான், சாவடிக்காரன் இருபது என்பான். கனகராயர் பதினைந்து என்று முடித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். ஆயுசு முழுக்க அவர் கற்ற வித்தை அது ஒன்றுதான்.

நாற்பது வண்டி நிபுணர்களைக் கூப்பிட்டார். மலைநாட்டு நிபுணர்கள் இருபது பேர், “ரெண்டு சக்கரம், ரெண்டு மாடு” என்றார்கள். சமவெளிக்காரர்கள் இருபது பேர், “நாலு சக்கரம், ரெண்டு குதிரை” என்றார்கள். கனகராயர் விரலை மடக்கி நீட்டினார். சபைக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“மகாராஜா, நாற்பது நிபுணர்களின் தீர்ப்பு இதோ. மூன்று சக்கரம். ஒரு மாடு, ஒரு குதிரை.”

ராஜா பூரித்துப் போனார். “இனி பட்டறையில் அந்த வண்டிதான். தைப்பூசம் கழிந்ததும் பழைய வண்டி எல்லாவற்றையும் உடைத்து அரண்மனை அடுப்புக்கு அனுப்புங்கள்” என்று உத்தரவு போட்டார்.

ஊரே வண்டியை வைத்துத்தான் சோறு தின்கிறது. அழாத குறையாக எல்லோரும் ஒண்டிப்புலியிடம் ஓடினார்கள். ஒண்டிப்புலி சபையில் விகடம் பேசிச் சம்பளம் வாங்குகிற ஆள். நேரே ராஜா முன்னால் போய் நின்றான்.

“மகாராஜா, அந்த வண்டி அரண்மனை வாசலைத் தாண்டாது.”

“ஏன் ஓய்,” என்றார் கனகராயர், “நாற்பது நிபுணர்களைவிட நீர் பெரியவரோ?”

“நான் சின்னவன்தான். வண்டிதான் தாண்டாது.”

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நாளைக் காலையில் அந்த வண்டியைக் கட்டி இங்கே ஓட்டிப் பார்ப்போம். வாசலைத் தாண்டினால் நீ நாட்டையே தாண்டிப் போய்விட வேண்டும். சம்மதமா?”

“சம்மதம். ஆனால் ஒன்று கேட்பேன். இந்த வண்டியைச் சொன்ன நிபுணர்தான் அதில் ஏற வேண்டும்.”

“இவ்வளவுதானே? நாற்பது பேர் இருக்கிறார்களே” என்று ராஜா சிரித்தார்.

மறுநாள் வண்டி வந்தது. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் அனாதையாக ஒன்று. நுகத்தின் இடப்பக்கம் ஒரு கிழட்டு மயிலைக்காளை. வலப்பக்கம் நேற்றுவரை லாயத்தை உதைத்துக்கொண்டிருந்த ஒரு குதிரை.

ஒண்டிப்புலி மலைநாட்டு நிபுணர்களைப் பார்த்தான். “ஏறுங்கள் ஐயா.”

“நாங்கள் ஏன் ஏற வேண்டும்? நாங்கள் குதிரையே சொல்லவில்லை.”

சமவெளிக்காரர்கள் பக்கம் திரும்பினான். “நீங்கள்?”

“எங்கள் வாயில் மாடு என்ற பேச்சே வரவில்லையே.”

“அப்படியானால் மூன்று சக்கரம் சொன்னவர் யார்?”

நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்பது பேரும் சேர்ந்து கனகராயரைப் பார்த்தார்கள்.

ராஜா கையைக் காட்டினார். மந்திரி ஏறினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, “ஹை” என்றார்.

குதிரை பாய்ந்தது. காளை நின்ற இடத்தில் நின்று அசைபோட்டது. வண்டி காளையைச் சுற்றிக் கிர்ரென்று சுழன்றது. முதல் சுற்றில் தலைப்பாகை போயிற்று. அடுத்த சுற்றில் மேல்துண்டு போய் ஒரு நிபுணரின் மூக்கில் மாட்டிக்கொண்டது. வாசல் வரும், போகும், வரும், போகும். வண்டி மட்டும் போகவில்லை.

“கனகராயரே, எந்தப் பக்கம் போகிறீர்?” என்று ராஜா கத்தினார்.

“எல்லாப் பக்கமும், மகாராஜா” என்று புழுதிக்குள்ளிருந்து பதில் வந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஒண்டிப்புலி, அப்படியென்றால் நிபுணர்கள் சொன்னது தப்பா?”

“நாற்பது பேர் சொன்னதும் சரிதான். மலைப்பாறையில் குதிரை சறுக்கும், அங்கிருந்து பார்த்தவர் மாடு என்றார். சமவெளிச் சாலையில் மாடு நேரமாக்கும், அங்கிருந்து பார்த்தவர் குதிரை என்றார். இவை இரண்டு பதில், மகாராஜா. மந்திரி அதற்கு விலை பேசி முடித்துவிட்டார். பணத்துக்கு நடு உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் இருப்பது நுகத்தடி மட்டும்தான்.”

உத்தரவு ரத்தானது. ஊர் வண்டிகள் பிழைத்தன. என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு ஒண்டிப்புலி, “இந்த வண்டி வாசலிலேயே நிற்கட்டும். இனி யார் நடுக்கணக்கோடு வந்தாலும் முதலில் இதில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பேசட்டும்” என்றான்.

வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறதாம். காலியாகத்தான் இருக்கிறது. வா, ஏறு. மாட்டாயல்லவா? அப்படியானால் எந்த நிபுணர் எங்கே நின்று பார்த்தார், எதை விற்கிறவர், ஏன் அப்படிச் சொன்னார் என்று பிரித்து எழுது. அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், நாளைக்கே திருத்திப் போடு. உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போட்டு நடுவாக முடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் என்னிடம் பேரத்துக்கு வராதே.