ஜமீன்தாரின் கழுத்தளவு

கோயில் விமானத்துக்கும் நம்மைப் போலவே அடி, கால், தோள், கழுத்து, தலை எல்லாம் உண்டு. இதைக் கேள்விப்பட்டதும், ஊர்க்கோயிலுக்குத் தன் செலவில் புது விமானம் கட்டவிருந்த ஜமீன்தார் சிங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"புது விமானம் என் உடம்பு அளவிலேயே இருக்கணும். ஒரு உறுப்பு தப்பினாலும் நீ ஊரைவிட்டுப் போயிடணும்" என்று கனைத்தார்.

விமானம் கட்ட வந்திருந்த சுண்ணாம்புச் சுதைவேலைக்காரி செங்காயி கும்பிட்டாள். "உத்தரவுங்க. ஆனா உபயக்காரரை ஊர் முன்னாடி நிக்கவச்சு அளக்கறது எங்க வழக்கமுங்க."

மகாராஜா மாதிரி வந்து நின்றார். செங்காயி காலை அளந்தாள், தோளை அளந்தாள். பிறகு கயிறோடு அவரையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எசமான், கழுத்தை எங்க வச்சிருக்கீங்க? ஒரு உறுப்பும் தப்பக் கூடாதுன்னு உத்தரவாச்சே."

ஊர் முழுக்க ஒரே இருமல்.

"பழைய அளவிலேயே கட்டித் தொலை" என்றார் ஜமீன்தார்.

அன்றிலிருந்து அண்ணாந்தேதான் நடக்கிறார். கழுத்து மட்டும் இன்னும் வந்தபாடில்லை.