காப்பு அவிழ்க்கும் நாள்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மாந்தூர் என்றொரு நாடு இருந்தது. வெகு காலத்துக்கு முன் அதைச் சிங்கமுத்தன் என்ற ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சை நம்புகிறவன்.

அவனுடைய மந்திரி தில்லைராயர். முப்பது வருஷமாக ஏரி வெட்டினார், பாதை போட்டார். அவர் சொன்னால் நாலு பேர் கேட்டார்கள். படையைப் பார்த்துக்கொண்ட பிரதானி வச்சிரநாதன் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தவன் ஒருநாள் சபைக்கு ஓடி வந்தான்.

"மகாராஜா! மேற்கு மலையில் கருங்கண்ணன் என்றொரு கொள்ளைத் தலைவன் கிளம்பியிருக்கிறான். நம் கிணறுகளில் நஞ்சு கலக்கப் போகிறானாம். இந்தக் கண்ணால் பார்த்தேன்!"

அன்றிலிருந்து எல்லாரும் அவன் பேச்சைக் கேட்டார்கள்.

அம்மன் திருவிழாவுக்குக் கட்டுவது போல ஊரார் கையிலெல்லாம் வச்சிரநாதன் மஞ்சள் காப்பு கட்டினான். "கருங்கண்ணன் சாகும் நாளில் அவிழ்ப்போம். அதுவரை என் படை சொல்வதே சட்டம்" என்றான். காப்பு இல்லாத கையைக் கண்டால் அடி விழுந்தது. ராஜா கட்டிக்கொண்டான். ராயரும் கட்டிக்கொண்டார், அவருக்கும் வீடு வாசல் இருந்தது. ஊர்ப் பேச்சில், ஐப்பசியில் ஆறடி இருந்த கருங்கண்ணன் தை மாதத்தில் பனைமர உயரம் ஆகிவிட்டான்.

பிறகு பொம்மி பிடிபட்டாள். மலையிலிருந்து வாரச் சந்தைக்குத் தேன் கொண்டுவருகிறவள். "கருங்கண்ணனின் ஒற்று இவள். தேனில் நஞ்சு" என்றான் வச்சிரநாதன். பத்து வருஷமாக அவளிடம் தேன் வாங்கித் தின்றவர்களே ஆமாம் என்று தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமை கழுவேற்றுவது என்று தீர்ப்பாயிற்று.

வியாழக்கிழமை ராயர் சிறைக்குப் போனார். "கருங்கண்ணனைத் தெரியுமா அம்மா?"

"அவரு எந்த ஊருங்க சாமி?"

ராயருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை சபையில் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் பொம்மியைச் சபைக்கு வரவழைத்து, ராஜா முன்னால் ஒரு மண்கலயத்தை வைத்தார்.

"மகாராஜா, நல்ல சேதி. கருங்கண்ணன் செத்துப்போனான். இது அவன் சாம்பல்."

"செத்தானா!" ராஜா துள்ளி எழுந்தான். "அப்படியானால் காப்பை அவிழுங்கள்! அவன் செத்த பிறகும் கட்டியிருந்தால் குடும்பத்துக்கு ஆகாது."

ஆளாளுக்கு முடிச்சில் கை வைத்தார்கள். வச்சிரநாதன் குறுக்கே வந்து நின்றான்.

"நிறுத்துங்கள்! யாரும் அவிழ்க்கக் கூடாது! மந்திரியாரே, எந்த வீட்டு அடுப்புச் சாம்பல் இது?"

"சந்தேகம் வேண்டாம் பிரதானியாரே. சாட்சி இருக்கிறது." ராயர் திரும்பினார். "பொம்மி, உன் தலைவன் என்ன ஆனான்?"

"செத்துட்டாருங்க சாமி. பாம்பு கடிச்சு."

"பொய்!" என்று கத்தினான் வச்சிரநாதன். "இவளுக்கு என்ன தெரியும்? கருங்கண்ணனை இவள் எங்கே கண்டாள்? தேன் விற்கிறவள் இவள்!"

சபையில் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராயர் மெதுவாகக் கேட்டார். "ஒன்றைச் சொல்லும். ஒற்று என்றால் இவள் சாட்சி செல்லும், அவன் செத்தான், காப்பு அவிழ வேண்டும். தேன்காரி என்றால் இவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எது?"

வச்சிரநாதன் பொம்மியையும் கலயத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அட, சொல்லுமய்யா! இரண்டில் ஒன்று!" என்றான் ராஜா. பதில் வராததும் கதை முழுதும் கட்டு என்று அவனுக்கே விளங்கியது. "சாம்பல் யாருடையது ராயரே?"

"என் வீட்டு அடுப்புடையது, மகாராஜா. பிரதானியார் சரியாகத்தான் சொன்னார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பொம்மியை விடுவித்தான். வச்சிரநாதனின் வாளைப் பிடுங்கி, தெருத்தெருவாகப் போய் ஒவ்வொருவர் காப்பையும் அவன் கையாலேயே அவிழ்க்கச் சொன்னான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ராயருக்குப் போட்டான். போடும்போது காதருகே குனிந்தான்.

"ராயரே, அந்தக் கருங்கண்ணனுக்குத் தம்பி யாராவது உண்டா?"

"அவனே கிடையாதே மகாராஜா."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டு வைத்தேன்." அங்கவஸ்திரத்துக்குள் ராஜாவின் காப்பு அப்படியே இருந்தது.

ராயர் பொம்மியை மேற்கு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பறிமுதல் செய்த தேன்குடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவள் மூடியைத் திறந்து நீட்டினாள். "கொஞ்சம் சாப்பிடுங்க சாமி. உயிரைக் காப்பாத்தினீங்க."

ராயர் விரலால் தொட்டு எடுத்தார். வாய்க்குப் போகும் வழியில் அந்த விரல் ஒரு கணம் நின்றது.

பொம்மி அதைப் பார்த்துவிட்டாள். குடத்தை மூடித் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினாள்.

அடுத்த சந்தைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும்.