தெரியும் செங்கோடனும் நீல மூடியும்

"நிரப்பிட்டேனுங்கம்மா! கழுத்து வரைக்கும் நிரப்பிட்டேன்! இன்னும் இல்லை இல்லைங்குது!"

செங்கோடன் கத்திக்கொண்டே வந்தார். கையில் காலி கேன். புதுச் சட்டையில் கறை.

பூரணியம்மா நிமிரவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். கொல்லிமலை முழுக்க அந்த வாசம்தான்.

"எதுங்ணா இல்லைங்குது?"

"வண்டிங்கம்மா!"

பூரணியம்மா செங்கோடனைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் குரு குருதான். மலையேறி வருகிறவர்கள் எதையாவது கேட்பார்கள். அவர் வேறு எதையாவது செய்துகொண்டிருப்பார்.

நேற்று செங்கோடன் கேட்டதற்கும் அப்படித்தான்.

"மஸ்கட்ல இருந்து என் சம்சாரம் வளர்மதி நாளைக்கு வந்துடறாங்கம்மா. இனி அங்கே திரும்பிப் போறதில்லை. இத்தனை வருஷம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. நேர்ல உக்காந்தா என்ன பேசறதுன்னே தெரியலை."

அம்மா ஒரு டம்ளர் மிளகுக் கஷாயம் கொடுத்தார். அதுதான் பதில்.

அன்றிரவே வளர்மதி போன் செய்தாள். "ஏனுங்க, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். லேட் பண்ணாதீங்க என்பாள், வேறென்ன? "தெரியும், நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஊரிலும் அவருக்குத் 'தெரியும்' செங்கோடன் என்றுதான் பெயர். போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர். தோட்டக்காரர் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் மேல் கையை வைத்து, "தெரியும்" என்பார். பாதி நேரம் சரியாகவே இருக்கும். அதுதான் வினை.

இன்றைக்கு மாட்டிக்கொண்டது மோட்டார் இல்லை. கார்.

டீசல் காரின் புகையைச் சுத்தம் செய்ய ஒரு தண்ணீர் உண்டு. டிரைவர்கள் அதை யூரியா என்பார்கள். நீல மூடி போட்ட தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்துபோனால், டீசல் எவ்வளவு இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தீர்வதற்கு முன்னால் விளக்கு போட்டுச் சொல்லும்.

நேற்று மலையேறும்போதே சொன்னது. "தெரியும் தெரியும்" என்று சொல்லி ஏறிவிட்டார்.

காலையில் டிக்கியிலிருந்த கேனை எடுத்து ஊற்றினார். சாவியைத் திருப்பிய வேகத்தில் ஸ்டார்ட் செய்தார். விளக்கு எரிந்தது.

"தெரியும், சென்சார் போச்சு" என்று வண்டியை அணைத்தார்.

நீல மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் தளும்பியது. தொட்டி வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. துடைத்தார். ஸ்டார்ட் செய்தார். விளக்கு.

"தெரியும், வயர் லூஸு." பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். ஸ்டார்ட். விளக்கு.

இன்னும் முப்பது கிலோமீட்டர், அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று எழுத்திலேயே காட்டியது. அடிவாரத்தில் ஒரு டீக்கு நிறுத்தினால்கூட அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். திருச்சி ஏர்போர்ட் எங்கே, அடிவாரம் எங்கே!

காலை பஸ் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தால், வளர்மதி ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளோடு தனியாக நிற்பாள். போன தடவை விடுமுறைக்கு வந்தபோதும் அப்படித்தான் நின்றாள்.

"வண்டி என்ன சொல்லுதுங்ணா?" என்று கேட்டார் பூரணியம்மா.

"தண்ணி கம்மியா இருக்குன்னு..."

"தெரியும். ரேடியேட்டர்."

"ரேடியேட்டர் இல்லைங்கம்மா! இது வேற தண்ணி. புகையைச் சுத்தம்..."

"தெரியும் தெரியும், புகை வருது. பழைய வண்டின்னா அப்படித்தான்."

"ஐயோ, புது வண்டிங்கம்மா! புகையே வரலை. யூரியான்னு ஒண்ணு..."

"யூரியாவா! அதைச் சொல்லுங்க முதல்ல. மிளகுக் கொடிக்குப் போட்டா வேர் கருகிடும்."

"வயலுக்குப் போடற யூரியா இல்லைங்க! அது..."

"தெரியும், சோளத்துக்கு."

"அம்மா!"

"கத்தாதீங்ணா. பிரச்சினை என்னன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. டயர்தானே?"

செங்கோடன் கேனைத் தரையில் ஓங்கிப் போட்டார். அது உருண்டு போய்ப் பலாத்தோல் குவியலில் நின்றது.

"என்னை ஒரு தடவை சொல்லி முடிக்க விடுங்களேன்!"

பூரணியம்மாவின் கை நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பலாச்சுளை ஒன்று அவர் விரல்களுக்கிடையே பாதி உரிந்தபடி இருந்தது.

செங்கோடன் வாயைத் திறந்தார். மூடினார்.

திரும்பி வண்டியைப் பார்த்தார்.

பிறகு ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை.

உள்ளே உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் செய்யவில்லை.

விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. இத்தனை விளக்குகள் இந்த வண்டியில் இருப்பதையே அவர் பார்த்ததில்லை. அந்த ஒன்று மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

விரல் துடித்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எங்கோ உள்ளே மெல்ல ஒரு சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமுவதுபோல.

அளவு காட்டும் கோடு ஒன்று ஏறியது. இன்னொன்று ஏறியது. மேலே போய் நின்றது.

விளக்கு அணைந்தது.

"அம்மா!" மலையே திரும்பிக் கத்தியது. "அம்மா, அணைஞ்சிருச்சுங்க! சாவியைப் போட்டுட்டுச் சும்மா இருக்கணுமாம்! அதுவே அளந்து பாத்துக்குமாம்! நான் விட்டாத்தானே! அது வாயைத் திறக்கறப்பல்லாம் நானு..."

அவர் பேச்சு நின்றது.

"நீங்க?" என்றார் பூரணியம்மா. அவர் வண்டிக்கு அருகிலேயே வந்து நின்றிருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

பூரணியம்மா பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சுளை. வளர்மதிக்குக் குடுங்க. வழியில நீங்க தின்னுடாதீங்க, தெரியும் எனக்கு."

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. பொட்டலத்தை வாங்கிப் பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்தார். ஸ்டார்ட் செய்யக் கையைக் கொண்டுபோனார்.

போன் அடித்தது.

"ஏனுங்க, நான்தான். மஸ்கட் ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். இப்போ பிளைட்டுக்குக் கூப்பிட்டுருவாங்க. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தார்.

"சொல்லு, வளரு."

அந்தப் பக்கம் ஏர்போர்ட் அறிவிப்பு மட்டும் ஓடியது.

"ஏனுங்க... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

"இல்லை... நீங்க வெச்சுடுவீங்கன்னு நினைச்சேன்." வளர்மதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு என்னவோ ஆனது. "இப்போ எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலையே."

"எங்கிருந்து வேணா ஆரம்பி."

பூரணியம்மா பலாப்பழத்துக்குத் திரும்பிப் போனார்.

செங்கோடன் சாவியிலிருந்து கையை எடுத்தார்.