சேந்தனும் சிங்காரமும்

கரட்டடி சாமியார் துப்பறியும் நாவல் படிப்பார். சாமியாருக்கு எதுக்கய்யா இந்த வேலை என்று கேட்டால் சிரிப்பாரே தவிர, படிப்பதை விடமாட்டார். நாவலாசிரியர் பொன்னரங்கம் அவரைக் குருவாகப் பிடித்துக்கொண்டதே அதனால்தான். இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே வயது.

அன்றைக்கு வந்த பொன்னரங்கம் கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

"சாமி, அடுத்த நாவலோட என் தொடரை முடிக்கப் போறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. துப்பறியும் சேந்தன் பெரியவனா, அவனோட மோதுற சொடக்கு சிங்காரம் பெரியவனா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"சேந்தன்தான். ஒரு தடவைகூடத் தோத்ததில்லை. சிங்காரம் திருட்டுப் பயல்."

"சேந்தனை யாரைப் பார்த்து எழுதினே?"

"என்னைப் பார்த்துத்தான்." சொல்லும்போதே பொன்னரங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சிங்காரத்தை?"

"என் தம்பி சபாபதியைப் பார்த்து."

சபாபதி கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பேச ஆரம்பிக்குமுன் விரலைச் சொடுக்குவார். அண்ணன் அதை அப்படியே தூக்கி வில்லனுக்குக் கொடுத்துவிட்டார். நாவல் சக்கைப்போடு போட்டது. ஊரே சபாபதியைப் பார்த்துச் சொடக்குப் போட்டது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "சிங்காரம் வீடு இதுதானே?" என்று விசாரித்தார்கள். பாவம், மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவார்! கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஈரோட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு அண்ணனிடம் பேச்சே இல்லை. அண்ணனும், 'கதைதானே, இதுக்குப் போயா கோபம்?' என்று வீம்பாக இருந்துவிட்டார்.

சாமியார் கேட்டார்: "கடைசி அத்தியாயத்திலே சேந்தன் என்ன செய்வான்?"

"எல்லாரையும் கூட்டி வச்சு, குற்றவாளி இவன்தான்னு கையை நீட்டுவான்."

"சிங்காரம்?"

"தலையைக் குனிஞ்சு, 'ஆமாம், நான்தான் செஞ்சேன்'னு ஒப்புக்குவான். ஜெயிலுக்குப் போவான். அடுத்த கதைக்கு வந்திடுவான்."

"எல்லாக் கதையிலுமா?"

"எல்லாக் கதையிலும்."

"சேந்தன் எப்பவாவது, 'நான்தான் தப்புப் பண்ணினேன்'னு சொல்லியிருக்கானா?"

"அவன் அப்படிச் சொன்னா கதை எங்கே சாமி நிக்கும்?"

சொன்ன பிறகுதான் பொன்னரங்கத்துக்குத் தான் சொன்னது உறைத்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"சபாபதிக்கு வாதம் அடிச்சிடுச்சு சாமி. ஆஸ்பத்திரியிலே கிடக்கான். ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டாங்களாம். அவன் மக போன் பண்ணினா. போகத்தான் கால் வரல்லே. கடைசிக் கதையிலே சிங்காரத்தை ஜெயிக்க வச்சிட்டா அவன் மனசு ஆறுமான்னு கேக்க வந்தேன்."

"படிக்கிற நிலையிலே இருக்கானா?"

"இல்லே. பேச்சும் போயிடுச்சு. நான் போய் நின்னா அவன் என்னத்தைச் சொல்லுவான்?"

சாமியார் எழுந்துபோய், வாசலில் கிடந்த பொன்னரங்கத்தின் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார். பொன்னரங்கம் பதறிப் போனார்.

"அவன் எதுக்கப்பா சொல்லணும்?" என்றார் சாமியார். "இத்தனை கதையிலும் அவன்தானே ஒப்புக்கிட்டான்."