நீலச் சாயத்தில் ஒரு கரு

மாணவருக்கு ஐம்பது வயது, குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். மாட்டு மருத்துவர் செங்கோடனுக்கு அதில் வெட்கமே கிடையாது. ஊசி போட்டுக் கட்டுக் கட்டியது போதும், கரு வளர்க்கப் படிக்க வேண்டும் என்று அமுதவல்லியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த மனிதர் அவர்.

அன்று காலை அமுதவல்லி உள்ளே வந்தபோது, அவர் நுண்ணோக்கி முன்னால் குனிந்தபடியே இருந்தார். நிமிரவில்லை.

"என்ன டாக்டர், உடம்பு சரியில்லையா?"

"பாவாயிம்மாவோட கரு செத்துப்போச்சுங்க மேடம்."

பாவாயி தனிக்கட்டை. காரி என்ற பசுதான் அவளுக்குப் பேச்சுத்துணை. பாம்பு தீண்டிக் காரி செத்தபோது, செங்கோடன்தான் ஓடிப்போய் அதன் சினைப்பையை எடுத்து வந்தார். அதிலிருந்த முட்டைகளைக் கூடத்திலேயே கருவாக்கினார்கள். எல்லாம் வீணாகி, ஒன்றே ஒன்று பிழைத்தது. அதை வேறொரு பசுவின் வயிற்றில் வைக்கும் நாள் இன்று. பாவாயி விடிவதற்குள் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

"எப்படிச் செத்துச்சு?"

"சாயத்துல விட்டேங்க."

அமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டார். கரு ஆணா பெண்ணா என்று பார்க்கும் சோதனை அது. சில நாளே ஆன பெண் கருவில் ஒரு நொதி ஆண் கருவைவிட இரண்டு பங்கு வேலை செய்யும். நீலச் சாயத்தில் விட்டால் பெண் கரு சீக்கிரம் வெளுத்துவிடும், ஆண் கரு நீலமாகவே நிற்கும். ஆனால் அந்தச் சாயம் நஞ்சு. சட்டென்று எடுத்துக் கழுவிவிட வேண்டும்.

"உடனே எடுக்கலையா?"

"வெளுக்குற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சுங்க. இன்னும் கொஞ்சம் வெச்சேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில நல்லா வெளுத்துச்சு. கிடேரிதானுங்க, மேடம். சந்தேகமே இல்லை."

ஐயோ, கையில் இருந்ததைக் கெடுத்தோமே என்று செங்கோடனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"காளைன்னா பாலுக்கு ஆகாதே, அந்தம்மா ஏமாந்துடக் கூடாதேன்னுதானுங்க பார்த்தேன். தெரிஞ்சுக்க நினைச்சது தப்புங்களா?"

அமுதவல்லி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது செங்கோடனுக்கு. அமுதவல்லி கதவைத் திறந்து பாவாயியை உள்ளே அழைத்து வந்தார். தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செங்கோடனைப் பார்த்தாள்.

"என்னுங்க டாக்டரய்யா, என்ற கன்னு உசுரோட இருக்குதுங்களா?"

செங்கோடன் வாயைத் திறந்தார். வர வேண்டிய சொல் வரவில்லை.

"கிடேரிங்கம்மா" என்றார்.

பாவாயியின் முகம் மலர்ந்தது. இரண்டு கையும் தாமாகக் குவிந்தன. "என்ற காரியேதான்! என்ற சாமீ!"

செங்கோடன் குருவைப் பார்த்தார்.

அமுதவல்லியின் கண்கள் கலங்கியிருந்தன.

"அவங்க அதைக் கேக்கலை, டாக்டர்."