ஃபெஸ் நகரில் தணிகாசலத்தின் வரைபடம்

மொராக்கோவில் ஃபெஸ் என்று ஒரு பழைய ஊர். சந்துக்குள் சந்து. கார் நுழையாது, கழுதைதான் நுழையும். எங்கள் சுற்றுலாத் தலைவர் தணிகாசலம் வரைபடத்தை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். சுற்றிச் சுற்றி அதே செருப்புக்கடைக்கே வந்தோம். எது கிழக்கு என்றே எனக்கு விளங்கவில்லை. ஊருக்கு வெளியே, கோட்டை வாசலில், எங்களை விமான நிலையம் கொண்டுபோகும் பஸ் காத்திருந்தது.

"யாரிடமும் வழி கேட்கக் கூடாது. கடைக்கு இழுத்துட்டுப் போயிடுவான்," என்றார் தணிகாசலம். பிறகு எங்கள் சமையல்காரர் மாசாணத்திடம் பாய்ந்தார். "சந்தை பார்க்கணும்னு சொன்னது நீதானே? யாரையும் கேட்காமலே எங்களை வெளியே கொண்டுபோ. பஸ் போயிடுச்சுன்னா உனக்கு வேலை கிடையாது."

குப்பை மூட்டையோடு ஒரு கழுதை வந்தது.

"இது பின்னாலேயே வாங்க சார்," என்றார் மாசாணம்.

"கழுதை பின்னால் நானா?"

"குப்பை லாரி நம்ம பஸ்ஸுக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. வரும்போதே பார்த்தேன். தலைவர் நீங்க, முதல்ல நடங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். வாசலைத் தாண்டினால் லாரி, பக்கத்தில் எங்கள் பஸ்.

"இந்த வழி என் வரைபடத்திலேயே இருக்கு," என்றார் தணிகாசலம்.

"இருக்கும் சார். கழுதைகிட்டே காட்டுங்க, சரியான்னு பார்த்துச் சொல்லும்."